முனை இல்லாத துணி

பேப்பர் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் எனக்கு உண்டு. ஒரு நாள் காலையில் டீக்கடையில் பார்த்தால் கண்ணெல்லாம் சிவந்து, பேய் அடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"நைட்டு ஃபெல்ட் மாத்தினோம். விடிஞ்சிருச்சு."

"ஒரு கம்பளித் துணியை மாத்துறதுக்கு ராத்திரி பூராவா? பழசை உருவிட்டு புதுசைச் சுத்த வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சுத்துறதுக்கு அதுக்கு முனை இருந்தாத்தானேடா? அது வளையம். வளையல் மாதிரி. உள்ள ரோல் எல்லாம் இருக்கு. ரோலோட ரெண்டு பக்கமும் மெஷினோட ஃப்ரேம் இருக்கு. எப்படி மாட்டுவ?"

அன்றைக்கு அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டீ, ரெண்டு வடை. அவன் எனக்குக் கொடுத்தது ஒரு கேள்வி. நெய்த துணி என்றால் அதற்கு ரெண்டு முனை இருந்தே ஆக வேண்டும். அந்த ரெண்டு முனையும் எங்கே போச்சு? நான் நெசவுக் குடும்பத்துப் பையன் வேறு. இதைத் தெரிந்து கொள்ளாமல் தூக்கம் வருமா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது 1799ல் கொண்டு போய் விட்டது.

அதற்கு முன்னால் காகிதம் எப்படிச் செய்தார்கள் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். கந்தல் துணியை ஊறப்போட்டு இடித்துக் கூழாக்கி, தொட்டியில் தண்ணீரோடு கலக்கி வைப்பார்கள். மரச்சட்டத்தில் கம்பி அடித்த ஒரு சல்லடையை ஒருவர் அதில் முக்கி எடுப்பார். தண்ணீர் வடிந்து நார் மட்டும் மேலே படிந்து நிற்கும். அடுத்த ஆள் அதை வாங்கி ஒரு கம்பளித் துண்டின் மேல் கவிழ்ப்பார். தாள், கம்பளி, தாள், கம்பளி என்று அடுக்கிக் கொண்டே போய், மொத்தமாக அழுத்தித் தண்ணீரைப் பிழிவார்கள். ஒரு தாளுக்கு ஒரு முக்கு. இந்த சல்லடையையும் கம்பளியையும் மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மற்றதை மறந்து விடலாம்.

பாரிஸுக்குத் தெற்கே எஸ்ஸோன் என்ற ஊரில் டிடோ குடும்பத்தின் காகித ஆலை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் லூயி நிக்கோலா ராபர்ட். அமெரிக்க சுதந்திரப் போரில் சிப்பாயாகப் போய்த் திரும்பியவர். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். ஆலைத் தொழிலாளர்களோடு ஓயாத தகராறு. இந்த ஆட்களை நம்பாமல் காகிதம் செய்ய முடியாதா என்று யோசித்துத்தான் அவர் ஒரு இயந்திரம் செய்தார். 1799 ஜனவரியில் காப்புரிமையும் வாங்கினார். ஆள் தேவையில்லை என்பதுதான் அந்த இயந்திரத்தின் பிறப்புக்கே காரணம். இதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அவருடைய யோசனை ரொம்ப எளிது. சல்லடையை முக்கி முக்கி எடுப்பதற்குப் பதிலாக, சல்லடையையே நீளமாக்கி, ரெண்டு உருளைகளுக்கு மேல் வளையமாகப் போட்டுச் சுற்ற விட்டால்? மேலே கூழை ஊற்றிக் கொண்டே இருக்கலாம். தாளும் நிற்காமல் வந்து கொண்டே இருக்கும். துண்டு துண்டாக இல்லாமல், பாய் மாதிரி நீளமாக.

இதற்கு ஒரு நல்ல நேரமும் கூடி வந்திருந்தது. பழைய சல்லடைகளில் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும், அவ்வளவுதான். அதை வளைத்துச் சுற்ற முடியாது. ஆனால் இங்கிலாந்தில் வாட்மன் என்பவர் கம்பியைத் துணி மாதிரியே பாவும் ஊடையுமாக நெய்து, அதில் தாள் எடுத்திருந்தார். 1757ல் பாஸ்கர்வில் அச்சடித்த வர்ஜில் புத்தகத்தில் அந்தத் தாள் இருக்கிறது. நெய்த கம்பி என்றால் துணி மாதிரி வளையும். வளைகிற பொருள் கையில் இருந்ததால்தான் ராபர்ட்டின் யோசனை யோசனையோடு நிற்கவில்லை.

ஆனால் நெய்தது என்றால் அது தறியிலிருந்து வந்தது. தறியிலிருந்து வந்தது என்றால் முனை உண்டு! ரெண்டு முனையையும் சேர்த்து வைத்துத் தைத்தார்கள். ஆமாம், தைத்தார்கள். மெல்லிய கம்பியை நூலாக வைத்துக் கையால் போட்ட தையல். இந்த நூற்றாண்டின் அதிசய இயந்திரம் என்று பேசப்பட்ட ஒன்று, நம் வீட்டில் கிழிந்த கோணிக்குப் போடுகிற மாதிரி ஒரு தையலை நம்பித்தான் ஓடியது.

ராபர்ட்டுக்கு அதனால் சுகம் ஒன்றும் கிடைக்கவில்லை. காப்புரிமையை டிடோவுக்கு விற்றார், பணம் ஒழுங்காக வரவில்லை, சண்டை. கடைசியில் வெர்னூயே என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து 1828ல் ஏழையாகச் செத்துப் போனார். இதற்குள் டிடோவின் மைத்துனர் ஜான் கேம்பிள் விஷயத்தை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய் 1801ல் அங்கே காப்புரிமை வாங்கியிருந்தார். லண்டனில் காகித வியாபாரம் செய்த ஃபோர்டிரினியர் சகோதரர்கள் பணம் போட்டார்கள். பிரையன் டான்கின் என்ற பொறியாளர் 1803-04 வாக்கில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஃப்ராக்மோர் ஆலையில் அதை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டிரினியர்கள் சுமார் 60,000 பவுண்டைக் கொட்டிவிட்டு 1810ல் திவாலானார்கள். 1840ல் பாராளுமன்றம் பார்த்துக் கொடுத்தது 7,000 பவுண்டு. உலகமெங்கும் அந்த இயந்திரத்துக்குப் பெயர் மட்டும் ஃபோர்டிரினியர். டான்கின் தப்பித்துக் கொண்டார். 1851க்குள் அவருடைய கம்பெனி கிட்டத்தட்ட 190 இயந்திரங்கள் செய்து விற்றிருந்தது.

இந்தக் கதையைப் புத்தகங்களில் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தையலைப் போட்டவர் பெயரைத்தான் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

தையலில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ரெண்டு பிரச்சினை.

முதல் பிரச்சினை, பலம். கம்பித்துணி முழுக்க ஒரே பலம், தைத்த இடத்தில் மட்டும் வேறு. உருளையில் ஒவ்வொரு தடவை வளையும் போதும் அந்த இடம் மற்ற இடத்தைப் போல வளையாது. தேய்வதும் அங்கேதான் முதலில்.

ரெண்டாவதுதான் சுவாரசியம். தண்ணீர் வடிவது கம்பித்துணியின் ஓட்டைகள் வழியாக. தைத்த இடத்தில் கம்பி அதிகம், ஓட்டை குறைவு. அங்கே நார் படிவது மாறும். ஆக வளையம் ஒரு சுற்று சுற்றி வரும் போதெல்லாம் காகிதத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். வளையம் 30 அடி நீளம் என்று வைத்துக் கொண்டால் 30 அடிக்கு ஒரு கோடு. இரண்டடித் தாளாக வெட்டினால் 15 தாளில் ஒன்றில் அந்தத் தையல் பதிந்திருக்கும். தையல்காரர் தன் கையெழுத்தைப் போட்டது மாதிரி!

ஜான் டிக்கின்சன் என்று ஒரு கெட்டிக்காரர், நீள வளையமே வேண்டாம் என்று 1809ல் ஒரு பெரிய உருளையின் மேல் கம்பித்துணியைச் சுற்றி, அதைக் கூழில் சுழல விட்டார். நல்ல யோசனைதான். ஆனால் உருளையைச் சுற்றின துணியும் எங்கேயாவது தன் வாலைத் தானே பிடித்துத்தானே ஆக வேண்டும்? அங்கேயும் ஒரு இணைப்பு வந்து உட்கார்ந்து கொண்டது :-)

பழைய புத்தகங்களை ஆராய்கிறவர்களுக்கு இந்தக் கோடு ஒரு புதையல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வந்த ஒரு புத்தகத்தின் தாள் கையால் எடுத்ததா, இயந்திரத்தில் வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். தையல் கோடு இருந்தால் சந்தேகமே இல்லை. மெக்மல்லின் என்ற நூலியல் ஆய்வாளர் 2008ல் இதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மறைக்கப் பார்த்த குறை, இருநூறு வருஷம் கழித்து சாட்சி சொல்கிறது.

சரி, கம்பளிக்கு வருவோம். கம்பித்துணியிலிருந்து வரும் ஈரத்தாளைத் தாங்கிப் பிடித்து, உருளைகளுக்கு நடுவே கொண்டு போய்ப் பிழிந்து எடுக்க ஒரு கம்பளி வளையம் வேண்டும். அதுதான் ஃபெல்ட். பழைய காலத்தில் இதையும் நீளமாக நெய்து, ரெண்டு முனையிலும் பாவு நூலைக் குஞ்சம் மாதிரி விட்டு வைத்து, அந்தக் குஞ்சங்களை எதிரும் புதிருமாகக் கையால் கோர்த்துச் சேர்த்தார்கள். அப்புறம் வெந்நீரும் சோப்பும் போட்டு அடி அடி என்று அடித்தால் கம்பளி சுருங்கி, நார் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டு, இணைப்பு எங்கே என்றே தெரியாமல் போய்விடும். கம்பளியின் குணம் அப்படி. கம்பிக்கு இந்த வரம் கிடையாது. (ஃபெல்ட்டின் குறுக்கே கலர் நூலில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது இணைப்பின் அடையாளம் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லையாம். ஃபெல்ட் நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் முந்துகிறதா என்று பார்ப்பதற்காம். நண்பன் தலையில் அடித்துக் கொண்டு சொன்னான்.)

இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். அது நெசவுக்காரன் மூளை என்று பார்த்தவுடனே தெரியும். முனையே இல்லாமல் நெய்வது! ஸ்டவ் திரி பார்த்திருப்பீர்கள், சிலது குழாய் மாதிரி உள்ளே கூடாக இருக்கும். அதே வித்தை. தறியில் மேலும் கீழுமாக ரெண்டு அடுக்குப் பாவு போட்டு, நாடா மேல் அடுக்கில் போய்க் கீழ் அடுக்கில் திரும்பி வந்தால் துணி குழாயாக வரும். அந்தக் குழாயின் சுற்றளவுதான் ஃபெல்ட்டின் நீளம். தறியில் ஊடையாகப் போன நூல், மெஷினில் நீளவாக்கில் ஓடும் நூலாகிவிடும்.

அழகுதான். ஆனால் 30 மீட்டர் நீள ஃபெல்ட் வேண்டும் என்றால் தறியின் அகலம் 15 மீட்டர் வேண்டும். நம்மூர்க் கைத்தறிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரெண்டு ஓரத்தையும் கையால் தொட்டு விடுவார். இங்கே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு சைக்கிளில் போகலாம். 25 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தறிகள் கூட இதற்காகவே செய்யப்பட்டன.

முனை இல்லாத துணியால் இணைப்புப் பிரச்சினை தீர்ந்தது, மாட்டுகிற பிரச்சினை பிறந்தது. இதுதான் என் நண்பன் ராத்திரி பூரா பட்ட பாடு. வளையத்துக்குள் உருளைகள் போக வேண்டும் என்றால் மெஷினின் ஒரு பக்கத்தை அந்தரத்தில் தூக்கி நிறுத்த வேண்டும். ஃப்ரேமில் செருகியிருக்கும் இரும்புக் கட்டைகளைக் கழற்றி, அந்த இடைவெளி வழியாக ஈரமும் பாரமுமான ஃபெல்ட்டை அங்குலம் அங்குலமாக நுழைக்க வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள உருளைகளுக்கு நடுவே, வழுக்குகிற தரையில், ஆட்கள் கையால் செய்கிற வேலை. விரல் போகக் கூடிய வேலை. அதனால்தான் 1980களில் முனை உள்ள ஃபெல்ட்டே திரும்பி வந்தது. ரெண்டு முனையிலும் நூலைச் சின்னச் சின்னக் காதுகளாக மடித்து, கதவுக் கீல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று விட்டு, நடுவில் ஒரு நீளமான நூல்கம்பியைச் செருகி விடுவது. மெஷினைத் தூக்க வேண்டியதில்லை. என் நண்பன் இருக்கிற இடத்தில் ஒரு பிரிவில் இப்போது இதுதான். இன்னொரு பிரிவில் பழையபடி வளையல்தான். அதனால்தான் அந்தச் சிவந்த கண்.

கம்பிக்குத் திரும்புவோம். பித்தளை, வெண்கலக் கம்பிகளைத் தைப்பது போய், இருபதாம் நூற்றாண்டில் முனைக்கு முனை வைத்துப் பற்ற வைக்கும் முறை வந்தது. கோடு விழுவது குறைந்தது. ஆனாலும் வேகமான மெஷின்களில் வெண்கல வயரின் ஆயுள் சில நாளோ, ஒன்று ரெண்டு வாரமோதான். போடும் போது ஒரு மடிப்பு விழுந்தால் அன்றைக்கே அவ்வளவுதான். 1960கள், 70களில் பாலியெஸ்டர் நூல் வந்து வெண்கலத்தை விரட்டியது. இன்றைக்கும் மில்லில் அதை 'வயர்' என்றுதான் சொல்கிறார்கள். பிளாஸ்டிக்தான், ஆனால் பெயர் வயர்!

பாலியெஸ்டரை அப்படிப் பற்ற வைக்க முடியாது. உருக்கினால் கட்டி தட்டும், ஓட்டை அடைபடும், மறுபடியும் கோடு. தைத்தால் தடிக்கும். அப்புறம் என்னதான் செய்தார்கள்?

மறுபடியும் நெய்தார்கள். கையால்!

ரெண்டு முனையிலும் சில சென்டிமீட்டருக்கு ஊடையை உருவி எடுத்து விடுவார்கள். பாவு இழைகள் குஞ்சமாக நிற்கும். நெய்து சூடு காட்டிய நூல் என்பதால் ஒவ்வொரு இழையும் தறியில் வளைந்த வளைவை மறக்காமல் அப்படியே நெளிநெளியாக நிற்கும். ரெண்டு முனையையும் எதிரெதிரே வைத்து, நடுவில் புது ஊடையை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இந்தப் பக்கத்து இழையையும் அந்தப் பக்கத்து இழையையும் பழைய நெளிவிலேயே உட்கார வைத்து நெய்வார்கள். இடது பக்கத்திலிருந்து வரும் இழையும் அதன் ஜோடியும் ஒரு புள்ளியில் சந்திக்கும். எல்லா ஜோடியும் ஒரே கோட்டில் சந்தித்தால் அங்கே பிய்ந்து விடும் என்பதால், ஒவ்வொரு ஜோடிக்கும் சந்திக்கிற இடம் தள்ளித் தள்ளி. பெரும்பாலும் பசை கிடையாது, முடிச்சு கிடையாது. நெளிவும் உராய்வும்தான் பிடித்துக் கொள்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்டிமீட்டருக்கு 30 இழை, 8 மீட்டர் அகலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 24,000 இழை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஏழில் ஒரு பங்கு தடிமன். பூதக்கண்ணாடியை வைத்துக் கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் இதைச் செய்திருக்கிறார்கள். ஒரு இழை வரிசை மாறினால் காகிதத்தில் தெரிந்து விடும்.

இதைப் படித்த போது எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம். தறியில் பழைய பாவு தீரப் போகும் போது அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியைப் பிணைப்பாங்க. விரலில் சாம்பலைத் தொட்டுக் கொண்டு, ஒரு திருகு, அடுத்தது, ஒரு திருகு, அடுத்தது. ஒரு சேலைப் பாவுக்கு 3,000 இழைக்குப் பக்கம். சாப்பாட்டு நேரம் போக ஒரு நாள் வேலை. பேசிக் கொண்டேதான் செய்வாங்க, விரல் மட்டும் தனியாக ஓடும். பிற்காலத்தில் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவாங்க. "கண்ணு பாவோட போயிடுச்சுப்பா"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. அந்த மாதிரி எட்டு பாவு, அதுவும் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் நூலில், தப்பில்லாமல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களும் சாயங்காலம் கண்ணைக் கசக்கிக் கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1980களுக்குப் பிறகு இந்த வேலைக்கும் மெல்ல மெல்ல இயந்திரம் வந்தது. ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி எடுத்து ஊடைக்கு நடுவே வைக்கிற இயந்திரம். ஆள் தேவையில்லை என்று சொல்லி ராபர்ட் காப்புரிமை வாங்கியது 1799. அவருடைய வளையத்தின் அந்த ஒரு ஜாணை ஆளில்லாமல் செய்ய அதற்கப்புறம் சுமார் 180 வருஷம் பிடித்திருக்கிறது. அதிலும் இன்றைக்குக் கூட கடைசியாகச் சரிபார்ப்பது மனுஷக் கண்தான்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய பெரிய மெஷின் நிமிஷத்துக்கு 1,800 மீட்டர் ஓடும். வயர் 30 மீட்டர் என்றால் அந்த இணைப்பு நொடிக்கு ஒரு தரம் சுற்றி வருகிறது. ஒரு நாளைக்கு 86,400 தடவை. இப்படி ஒரு மாதம், ரெண்டு மாதம்.

காகிதத்தைக் காய வைக்கிற பகுதியில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. தாள் அங்கே வரும்போது பாதி உறுதியாகியிருக்கும். அங்கே பருத்தி, ஆஸ்பெஸ்டாஸ் துணிகளை மெஷினிலேயே வைத்துத் தைத்தார்கள், இல்லாவிட்டால் பெல்ட்டுக்குப் போடுகிற இரும்புக் கொக்கிகளைப் போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வந்த ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் ஸ்பைரல் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி பிளாஸ்டிக் சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் வளையத்துக்குள் அடுத்ததை நுழைத்து, நடுவில் கம்பி செருகி, இப்படியே ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரு துணியே செய்து விட்டார்கள். எந்தக் கம்பியை உருவினாலும் அதுதான் முனை, திரும்பச் செருகினால் முனை போச்சு. இணைப்பை ஒளிக்க முடியவில்லையா, துணி முழுக்க இணைப்பாகவே இருந்து விட்டுப் போகட்டும் என்று எவனோ யோசித்திருக்கிறான் பாருங்கள்!

போன மாசம் பழைய புத்தகக் கடையில் 1820களில் லண்டனில் அச்சான ஒரு பிரசங்கத் தொகுப்பு கிடைத்தது. அட்டை இல்லை, பூச்சி தின்றது போக மிச்சம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தாளாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நூற்றிச் சொச்சம் பக்கம் தாண்டி ஒரு தாளில், குறுக்கே, எழுத்துகளுக்குப் பின்னால், தையல் விட்டு விட்டுப் போனது போல ஒரு கோடு. நகக்கண் நீளத்துக்கு ஒரு புள்ளி, அடுத்தது, அடுத்தது. ஓரிடத்தில் தையல் கொஞ்சம் கோணலாகப் போய்ப் பிறகு நேராகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்த போது காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தாளை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டை மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

"எங்க மெஷின்ல இப்படி மார்க் விழுந்தா ரோலையே ரிஜெக்ட் பண்ணிருவாங்க" என்றான். அப்புறம் கோணலாகப் போன இடத்தைக் காட்டி, "இங்க கை வலிச்சிருக்கும்டா அந்தாளுக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கோடு எத்தனை தாள் தள்ளி வருகிறது என்று எண்ண ஆரம்பித்தான்.